ஃப்ரோசன் ஷோல்டர்: எந்தக் கட்டத்தில் எந்தப் பயிற்சி, எவ்வளவு அழுத்தம்

ஃப்ரோசன் ஷோல்டருக்கான, அதாவது தோள் மூட்டு வலித்து இறுகிப்போகும் நோய்க்கான, பயிற்சிகள் மொத்தமே பத்துக்குள் அடங்கிவிடும். எல்லாம் யூடியூபில் கிடைக்கின்றன, செய்முறையும் கடினமில்லை. ஆட்கள் தடுமாறுவது அளவில்தான். வலி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுக்கிறார்கள். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது, அதாவது உண்மையில் இழுக்க வேண்டிய நேரத்தில், வலிதான் போய்விட்டதே என்று பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அந்த அளவைப் பற்றியது.

முதலில், இது அதுதானா?

இந்த நோய் 40இலிருந்து 60 வயதுக்குள் வருவது வழக்கம். பெண்களுக்குச் சற்று அதிகம். அடிபட்ட நினைவே இல்லாமல் மெல்லத் தொடங்கும். வலி மூட்டின் உச்சியில் தெரியாது. மேல்கையின் வெளிப்பக்கம், தடுப்பூசி போடும் இடத்தில் தெரியும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. விழப்போகும் டம்ளரைப் பிடிக்கச் சட்டென்று கையை நீட்டினால் உயிர் போய் உயிர் வரும். பிறகு ஜாக்கெட் கொக்கியைப் பின்னால் மாட்டுவது, பின் பாக்கெட்டில் பர்ஸை வைப்பது, ஜடை பின்னுவது என்று வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, கட்டைவிரல்கள் மேலே பார்க்க முன்கைகளை நேராக நீட்டுங்கள். இப்போது முழங்கைகளை விலாவிலிருந்து எடுக்காமல், இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விரியுங்கள். நல்ல கை, நேர் பக்கவாட்டுக்குப் போகும் வழியில் பாதிக்கு மேல் விரியும். நோய்ப்பட்ட கை அதில் பாதிகூடப் போகாமல் நின்றால் சந்தேகப்படலாம். அடுத்து, வீட்டில் ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மெதுவாக வெளிப்பக்கம் தள்ளிப் பார்க்கட்டும். அவர் தள்ளினாலும் பூட்டுப் போட்டது போல் அதே இடத்தில் நின்றால், இறுக்கம் பெரும்பாலும் மூட்டைச் சுற்றிய உறையில் இருக்கிறது.

பிறர் தூக்கினால் கை முழுவதும் மேலே போகிறது, விட்டால் தொப்பென்று விழுகிறது என்றால் கதை வேறு. அங்கே தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருக்கலாம், ஸ்கேன் வேண்டும். கை பக்கவாட்டில் பாதி உயரத்தில் மட்டும் வலித்து, அதைத் தாண்டினால் சரியாகிவிடுகிறது என்றால் தசைநாண் உரசல். ஒரே இரவில் தாங்க முடியாத வலி வந்து கையை அசைக்கவே முடியவில்லை என்றால் தசைநாணில் சுண்ணாம்புப் படிவு இருக்கலாம். கழுத்தைத் திருப்பினால் வலி கையில் இறங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்றால் கழுத்தைப் பார்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. கீழே சொல்லும் முறையை இவற்றுக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு, மார்பக அறுவைக்குப் பிறகு, எலும்பு முறிவுக்குப் பிறகு வரும் தோள் இறுக்கங்களும் இதில் சேராது. அவற்றுக்குத் தனி முறை இருக்கிறது.

எக்ஸ்ரே ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகத்தான் வரும். தேய்மானமோ வேறு எலும்புக் கோளாறோ இல்லை என்று உறுதி செய்யத்தான் அது. குறிப்பாக, வலிப்பு வந்த பிறகோ மின்சாரம் தாக்கிய பிறகோ தோள் பூட்டிக்கொண்டால், மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்க வாய்ப்புண்டு. நேர்ப் படத்தில் அது எளிதில் தப்பிவிடும், வேறு கோணத்திலும் ஒரு படம் வேண்டும்.

இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் பிசியோதெரபி பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு மூட்டு சூடாகிச் சிவந்தால், விழுந்த பிறகு கை உருமாறியிருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், முன்பு புற்றுநோய் இருந்திருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சியில் இறங்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது, வந்தால் நீண்ட நாள் நிற்கிறது. தோள் இறுக்கத்துக்காக வந்த இடத்தில் சர்க்கரை இருப்பதே முதன்முதலாகத் தெரியவருவதும் உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது

தோளின் பந்துக் கிண்ண மூட்டைச் சுற்றி ஒரு தளர்வான உறை இருக்கிறது. சாதாரணமாக 15 மில்லிக்கு மேல் திரவம் கொள்ளும் அந்த உறை, இந்த நோயில் அழற்சி கண்டு, தடித்து, சுருங்கி 10 மில்லிக்கும் கீழே போய்விடும். அக்குள் பக்கம் தொங்க வேண்டிய மடிப்பு ஒட்டிக்கொள்ளும். உறையின் முன்பக்க மேல்பகுதியும் அங்கே எலும்பையும் எலும்பையும் இணைத்து ஓடும் தசைநாரும் எல்லாவற்றுக்கும் முன்னால் தடிக்கும். கையை வெளிப்பக்கம் திருப்பும்போது நீள வேண்டியது அந்தப் பகுதிதான். அதனால்தான் எல்லா அசைவுகளிலும் அது முதலில் போகிறது, அதிகமாகவும் போகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பயிற்சியின் வரிசை தானாகப் புரியும். கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டுமென்றால், மேல்கை எலும்பு போகும் வழியில் வெளிப்பக்கம் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் எலும்பின் மேட்டுப் பகுதி தோளின் கூரை எலும்பில் போய் இடிக்கும். வெளிப்பக்கத் திருப்பம் இல்லாதவர் தினமும் நூறு முறை சுவரில் கையை ஏற்றினாலும், நடுவில் இருக்கும் தசைநாணை நசுக்குவதுதான் மிச்சம். முதலில் திருப்பம், பிறகு கையை மேலே தூக்குவது, கடைசியில்தான் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயரை 1934இல் வைத்தவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் ஊசல் பயிற்சியும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நோய் மூன்று கட்டமாக நகரும். வலி கூடும் கட்டம் 2இலிருந்து 9 மாதம், இறுக்கம் நிலைக்கும் கட்டம் 4இலிருந்து 12 மாதம், தளரும் கட்டம் 5இலிருந்து 24 மாதம். இது புத்தகக் கணக்கு. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது, ஒன்றுக்குள் ஒன்று கலந்தே போகும். அதனால் காலண்டரைப் பார்த்து முடிவெடுக்காமல் தோளின் எரிச்சலை, அதாவது அது எவ்வளவு எளிதில் வலிக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

அளவு எப்படித் தெரியும்

மூன்று கேள்விகள் போதும். வலி 10க்கு எத்தனை? இரவில் எழுப்புகிறதா? கையை நகர்த்தும்போது வலி முதலில் வருகிறதா, தடை முதலில் வருகிறதா?

வலி 7 அல்லது அதற்கு மேல், இரவுத் தூக்கம் கெடுகிறது, கை தடைக்குப் போய்ச் சேரும் முன்பே வலி வெட்டுகிறது என்றால் தோள் எரிச்சலில் இருக்கிறது. இந்த நேரத்தில் உறையை இழுத்து நீட்டக் கூடாது. வலி 4இலிருந்து 6, எப்போதாவது இரவில் எழுப்புகிறது, வலியும் தடையும் ஒன்றாக வருகின்றன என்றால் நடுத்தரம், லேசாக இழுக்கலாம். வலி 3 அல்லது அதற்குக் கீழே, தூக்கம் நன்றாக இருக்கிறது, கை தடையில் போய் நின்று அதற்குமேல் தள்ளினால்தான் இழுவை தெரிகிறது என்றால் தாராளமாக நீட்டலாம்.

செய்யும்போது எவ்வளவு வலித்தது என்பதைவிட, முடித்த பிறகு வலி எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. ஒரு மணி நேரம் தாண்டியும் குடைந்தால், அல்லது அன்றிரவு வழக்கத்தைவிட மோசமாக இருந்தால், மறுநாள் நேரத்தையும் அழுத்தத்தையும் பாதியாக்குங்கள். நிறுத்திவிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் முற்றிலும் ஓய்வு கொடுத்தால் இறுக்கம் கூடும்.

வலியைத் தாண்டி இழுத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. நெதர்லாந்தில் 77 நோயாளிகளை வைத்து நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. வலியின் எல்லைக்குள் லேசாகச் செய்தவர்கள் ஒரு பக்கம், வலியைத் தாண்டி நீட்டிக் கடுமையாகச் செய்தவர்கள் மறுபக்கம். இரண்டு ஆண்டு முடிவில் லேசாகச் செய்தவர்களில் 89 சதவீதம் பேரின் தோள் இயல்புக்கு நெருங்கியது. கடுமையாகச் செய்தவர்களில் 63 சதவீதம்தான். இதே காரணத்துக்காகத்தான் சுளுக்குத் தட்டுகிறேன், ஒரே இழுப்பில் சரியாக்குகிறேன் என்பவரிடம் இந்தத் தோளைக் கொடுக்கக் கூடாது. இறுகிய உறையை விழித்திருக்கும்போது வேகமாக இழுத்தால் தசைநாண் கிழியலாம். எலும்பு பலவீனமானவர்களுக்கு மேல்கை எலும்பே முறியலாம்.

எரிச்சல் கட்டத்தில்

இந்த மாதங்களில் வேலை இரண்டுதான்: வலியை அடக்குவது, இருக்கும் அசைவை இழக்காமல் வைத்துக்கொள்வது.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள், இதற்கு முக்கியத்துவம் கொடுப்பவர்கள் குறைவு. மல்லாந்து படுத்தால் கையின் எடை முழங்கையைப் படுக்கையில் இறக்கி, மேல்கை எலும்பைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுவைதான் இரவு இரண்டு மணிக்கு எழுப்பும் வலிக்கு ஒரு முக்கியக் காரணம். மேல்கைக்கும் முழங்கைக்கும் அடியில் மெல்லிய தலையணையோ நான்காக மடித்த போர்வையோ வைத்து, முழங்கை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். உள்ளங்கையை வயிற்றின் மேல் வைக்கலாம். நல்ல பக்கம் ஒருக்களித்தால் நெஞ்சுக்கு முன்னால் தடித்த தலையணை வைத்து, நோய்ப்பட்ட கையை அதன்மேல் கிடத்துங்கள். கை நெஞ்சைத் தாண்டி மெத்தையில் தொங்கக் கூடாது.

சூடு பிடித்தவர்களுக்குச் சூடு, குளிர் பிடித்தவர்களுக்குக் குளிர். பயிற்சிக்கு முன் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 நிமிடம். பயிற்சிக்குப் பின் குடைச்சல் இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீர்ப் பையை மற்றவர் தொட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். வலிக்காமலே தோல் வெந்துபோகும்.

ஊசல் பயிற்சியைப் பெரும்பாலோர் தவறாகச் செய்கிறார்கள். மேசை விளிம்பில் நல்ல கையை ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்து, கால்களை முன்னும் பின்னுமாக வையுங்கள். நோய்ப்பட்ட கையை முழுவதும் தளரவிட்டுத் தொங்கவிடுங்கள். இனி ஆட்ட வேண்டியது கையை அல்ல, இடுப்பை. உடல் முன்னும் பின்னும் அசைய, கை தானாக ஆட வேண்டும். கையைச் சுழற்ற நீங்களே தோளுக்கு விசை கொடுத்தால், தளர வேண்டிய தசைகள் இறுகிவிடும். விரல்கள் ஆடும் வட்டம் ஒரு சாண் அகலம் இருந்தால் போதும். முன்பின் ஒரு நிமிடம், பக்கவாட்டில் ஒரு நிமிடம், வட்டமாக இரு பக்கமும் அரை அரை நிமிடம். நாளைக்கு மூன்று நான்கு முறை. ரத்த அழுத்தமோ தலைச்சுற்றலோ முதுகுவலியோ உள்ளவர்கள் குனியாமல், கட்டில் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிடலாம்.

அடுத்தது மேசைச் சறுக்கல். மேசை முன் உட்கார்ந்து, முன்கையை ஒரு துணியின் மேல் வையுங்கள். கையைத் தள்ளாமல் உடம்பை முன்னால் சாயுங்கள். துணியோடு கை சறுக்கிப் போகும். வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்று 3இலிருந்து 5 நொடி, பிறகு பின்வாங்குங்கள். 10 முறை.

மூன்றாவது, படுத்துக் குச்சியால் வெளிப்பக்கம் திருப்புவது. இதன் விவரம் அடுத்த பகுதியில் வருகிறது. இந்தக் கட்டத்தில் அதையே 3இலிருந்து 5 நொடி மட்டும், வலிக்கு முன்னால் நிறுத்தி, 10 முறை செய்தால் போதும். கப்பிக் கயிறு, துண்டைப் பின்னால் பிடித்து இழுப்பது, சுவரில் விரல் நடை ஆகிய மூன்றும் இப்போது வேண்டாம்.

சட்டையோ ரவிக்கையோ போடும்போது நோய்ப்பட்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். கொக்கியைச் சில மாதத்துக்கு முன்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் டப்பாக்களைக் கீழே இறக்கிவையுங்கள். பஸ்ஸில் மேல் கம்பியை நல்ல கையால் பிடியுங்கள். பிரேக் போட்டால் வரும் ஒரு இழுப்பு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். கழுத்தில் தூளி கட்டி அதில் கையைப் போட்டுவைக்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட மருத்துவர் சொன்னால் பயந்து மறுக்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்களில் வலி குறைவதற்கு அது நன்றாகவே உதவுகிறது. அதன் பலன் நாளடைவில் தேய்ந்துபோகும் என்பதால், வலி குறைந்த அந்த வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். ஊசி போட்டுவிட்டுப் பயிற்சியை மறந்தால் ஊசியால் பாதிப் பலன்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். தினமும் பார்த்து, மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறோ குடல்புண்ணோ உள்ளவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இறுக்கக் கட்டத்தில்

இரவு வலி அடங்கியதும் உழைப்பு இங்கேதான் தேவை. தினமும் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம். ஒரே வேளையில் ஒரு மணி நேரம் செய்வதைவிட இது நல்லது. நாள் முழுவதும் உறை இழுவையில் இருக்கும் மொத்த நேரம்தான் கணக்கு. குளித்து முடித்த சூட்டோடு ஒரு வேளையை வைத்துக்கொண்டால் தனியாக ஒத்தடம் தேவைப்படாது.

வெளிப்பக்கத் திருப்பத்துக்கு மூன்றடி நீளத்தில் ஒரு கம்பு போதும். மாப் கம்போ, பழைய குடைக் கம்போ எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுங்கள். நோய்ப்பட்ட பக்க முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து மேல்கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்துங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய கைத்துண்டு ஒன்றை இடுக்கிக்கொள்ளுங்கள். முழங்கை 90 டிகிரி. கம்பின் ஒரு முனையை நோய்ப்பட்ட கை பிடிக்க, மறுமுனையிலிருந்து நல்ல கை பக்கவாட்டில் தள்ள வேண்டும். நோய்ப்பட்ட கை கம்போடு போகட்டும், தானாக உழைக்க வேண்டாம். தடை வந்ததும் அங்கேயே 20இலிருந்து 30 நொடி. மூச்சை அடக்காதீர்கள், ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் தசை கொஞ்சம் விடுவதை உணரலாம். 5 முறை.

இதில் ஏமாற்றும் அசைவுகள் மூன்று. முழங்கை விலாவை விட்டு விலகும், அப்படியானால் கைத்துண்டு விழுந்துவிடும். விழுந்தால் அந்த முறை கணக்கில் இல்லை. மணிக்கட்டு பின்னால் மடங்கும், பார்ப்பதற்குக் கை அதிகம் போனது போல் இருக்கும், தோள் நகர்ந்திருக்காது. நெஞ்சு கம்பின் திசையில் உருளும். இரண்டு தோளும் படுக்கையில் பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அலுவலகத்தில் கம்பு இல்லாதபோது கதவு நிலையைப் பயன்படுத்தலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையை நிலையில் வைத்து, பாதங்களைச் சின்னச் சின்ன அடியாக எதிர்ப்பக்கம் திருப்பினால் அதே இழுவை கிடைக்கும்.

தூக்குவதற்கு, மேசைச் சறுக்கலையே கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைத் திருப்பி வைத்துச் செய்யுங்கள். அந்தத் திருப்பம் எலும்பு இடிக்காமல் வழி விடும். பிறகு சுவர். சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நின்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஏற, கை மேலே போகட்டும். எங்கே நிறுத்துவது? பக்கத்தில் ஒரு கண்ணாடி வைத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும் 180 டிகிரியில் சுமார் 120 பந்து மூட்டிலிருந்தும் 60 முதுகுப் பக்கத் தட்டை எலும்பிலிருந்தும் வர வேண்டும். பந்து மூட்டு இறுகியிருக்கும்போது தட்டை எலும்பு அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். தோள் காதை நோக்கி எழும்பும் அந்த நொடி, மூட்டின் பங்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் விரல் இரண்டு அங்குலம் ஏறினாலும் உறைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கழுத்துத் தசைதான் இறுகும். தோளை இறக்கி, அந்த இடத்தில் 15 நொடி நின்று, விரல் நடையாகவே இறங்குங்கள். கையைத் தொப்பென்று விடாதீர்கள். 10 முறை.

மூட்டின் பின்பக்க உறைக்கு, நோய்ப்பட்ட கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, நல்ல கையால் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து இழுங்கள். முதுகைச் சுவரில் சாய்த்துச் செய்தால் தட்டை எலும்பு கூடவே நகராது. தோளின் பின்பக்கம் இழுவை தெரிய வேண்டும்; முன்பக்கம் கிள்ளினால் கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். 20 நொடி, 5 முறை.

முதுகுக்குப் பின்னால் கை போவது கடைசியில்தான் திரும்பும். அதற்காக அவசரப்பட்டு முதல் நாளிலேயே துண்டை எடுத்து இழுப்பவர்கள் அதிகம், குறிப்பாகக் கொக்கி மாட்டச் சிரமப்படும் பெண்கள். கையை மேலே தூக்குவது ஓரளவு வந்த பிறகு, முதலில் இரண்டு கையாலும் கம்பைப் பின்பக்கம் பிடித்து உடம்பிலிருந்து விலக்குங்கள். பிறகு கம்பைப் பிட்டத்தின் மேல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்துங்கள். அது வலிக்காமல் வந்தால்தான் துண்டு: நல்ல கை தலைக்குப் பின்னால் மேல்முனையைப் பிடிக்க, நோய்ப்பட்ட கை இடுப்புக்குப் பின்னால் கீழ்முனையைப் பிடிக்க, மேலே மெதுவாக இழுங்கள். 15 நொடி, 5 முறை. தோளின் முன்பக்கம் துருத்திக்கொண்டு வந்தால் நிறுத்துங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். சுவரில் விரல் தொட்ட உயரம், தோள் எழும்பாமல் தொட்டது மட்டும், பென்சிலில். பின்பக்கம் கட்டைவிரல் தொடும் இடம்: பிட்டம், இடுப்பு, ரவிக்கை விளிம்பு. தினமும் அளந்தால் மனம் சோர்ந்துவிடும். இந்த நோயில் மாற்றம் வாரக் கணக்கில்தான் தெரியும்.

கிளினிக்கில் என்ன நடக்க வேண்டும்

பிசியோதெரபிஸ்ட் செய்யும் வேலையில் உங்களால் வீட்டில் செய்ய முடியாதது ஒன்றுதான்: மேல்கை எலும்பின் பந்தை அதன் கிண்ணத்துக்குள் கையால் பின்னாலும் கீழேயும் சறுக்கிவிடுவது. வெளிப்பக்கத் திருப்பத்தை மீட்கப் பந்தை முன்பக்கம் சறுக்குவதைவிடப் பின்பக்கம் சறுக்குவதே அதிகம் பலன் தந்ததாக 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எரிச்சல் கட்டத்தில் இதை மிக லேசான ஆட்டமாகவும், இறுக்கக் கட்டத்தில் தடையின் விளிம்பில் நிறுத்தியும் செய்வார்கள். ஒலி அலை செலுத்தும் அல்ட்ராசவுண்ட், லேசான மின்னோட்டம் செலுத்தும் ஐஎஃப்டி போன்ற மெஷின்கள் வலியைச் சற்றுத் தணிக்கலாம், உறையை அவை நீட்டித் தராது. பத்து நாளும் மெஷினை மட்டும் வைத்துவிட்டு, கையைத் தொடாமல், வீட்டுப் பயிற்சியும் சொல்லித்தராமல் அனுப்பினால், அடுத்த பத்து நாளுக்குப் பணம் கட்டும் முன் கேளுங்கள்: இன்று என் வெளிப்பக்கத் திருப்பம் எத்தனை டிகிரி, முதல் நாள் எத்தனை? நல்ல தெரபிஸ்ட்டின் குறிப்பில் இரண்டு எண்ணும் இருக்கும்.

தளரும் கட்டத்தில் வலு

மாதக்கணக்கில் ஓய்ந்த தசைகளுக்கு வலு தேவை. சுவருக்குப் பக்கத்தில் முழங்கையை மடக்கி நின்று, முன்னால், பின்னால், வெளிப்பக்கம் என்று சுவரைப் பாதி பலத்தில் அழுத்துங்கள். கை நகரக் கூடாது. திசைக்கு 5 நொடி, 10 முறை. இதை எரிச்சல் அடங்கியதுமே தொடங்கலாம். வலிக்காவிட்டால், மஞ்சள் நிறப் பட்டை போன்ற லேசான ரப்பர்ப் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி வெளிப்பக்கம் இழுப்பதும், இரண்டு தட்டை எலும்புகளையும் நெருக்கிப் பின்னால் இழுப்பதும் 12 முறை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். நீட்டும் பயிற்சிகளை இப்போதும் விடக் கூடாது. ஒரு வேளையாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அசைவு திரும்பவே இல்லை என்றால்

மூன்றிலிருந்து ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் அளவுகள் நகரவில்லை என்றால் அடுத்த வழிகளைப் பேசலாம். உறைக்குள் உப்புநீர் செலுத்தி விரிப்பது ஒன்று. மயக்க மருந்து கொடுத்துக் கையை நகர்த்தி விடுவிப்பது, துளை வழியாக உறையை வெட்டித் தளர்த்துவது மற்றவை. பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கடைசி இரண்டையும், ஸ்டீராய்டு ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எந்த ஒன்றும் மற்றவற்றைவிடத் தெளிவாக உயர்ந்ததாக நிற்கவில்லை. அதனால் முதல் மாதத்திலேயே அறுவைக்கு ஓட வேண்டியதில்லை; பல மாதம் முயன்ற பிறகு அதற்குப் போவதில் தயக்கமும் தேவையில்லை. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், மயக்க நிலையில் கையை நகர்த்தும் முறைக்கு ஒப்புக்கொள்ளும் முன் முறிவு அபாயத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

எந்த முறையில் விடுவித்தாலும் மறுநாளே பயிற்சி தொடங்க வேண்டும், அதற்கேற்ற வலி மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். மேசைச் சறுக்கலும் கம்பு வைத்த வெளிப்பக்கத் திருப்பமும் முதல் வாரம் நாளைக்கு நான்கைந்து வேளை. அறுவை அறையில் கிடைத்த அசைவை முதல் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டால் உறை மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே அறுவைத் தேதியைக் குறிக்கும்போதே பிசியோதெரபிஸ்டிடம் அதற்கடுத்த பதினைந்து நாளுக்கும் நேரம் வாங்கிவிடுங்கள்.